டிக்கெட்டின் பின்பக்கம்

“மேடம், முதல் பக்கத்துல பேரு கேட்டேன், வாங்கிடுச்சு. ரெண்டாவது பக்கத்துல அதே பேரைப் போடச் சொன்னா ஒண்ணுமே வரல. வெறும் ‘வணக்கம்’ மட்டும் நிக்குது. எங்க போச்சு மேடம் அந்தப் பேரு?”

கும்பகோணத்தில் மாலை நேரங்களில் பி.எச்.பி. வகுப்பு நடத்துகிறேன். இந்தக் கேள்வி வராத பருவமே கிடையாது. போன மாதம் கேட்ட பையன் பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவன் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் வீட்டில் இருந்தபடியே போனில் அளவு கொடுக்க ஒரு தளம் கட்டிக்கொண்டிருந்தான். முதல் பக்கத்தில் பெயரும் போன் எண்ணும், இரண்டாவதில் அளவுகள், மூன்றாவதில் என்றைக்கு வேண்டும் என்ற தேதி. மூன்றும் தனித்தனியே நன்றாக ஓடின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை.

அவன் குழம்பியதில் தப்பில்லை. சி மொழியில் நிரல் எழுதிப் பழகியவன். அங்கே ஒரு மாறிக்கு, எங்கள் பேச்சில் வேரியபிளுக்கு, பெயர் வைத்து ஒரு மதிப்பைப் போட்டால் நிரல் முடிகிற வரை அது இருக்கும். மூன்று பக்கமும் சேர்ந்து ஒரே நிரல் என்று நினைத்துக்கொண்டான். திரையைப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உள்ளே நடப்பது இது. உங்கள் போனில் இருக்கும் பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கிறது. எங்கோ இருக்கும் செர்வர் அந்தப் பக்கத்துக்கான நிரலை எழுப்புகிறது. நிரல் ஓடி, பக்கத்தைத் தயார் செய்து, அனுப்பிவிட்டு முடிந்துபோகிறது. அது கையில் வைத்திருந்த மாறிகள் அத்தனையும் அதோடு அழிகின்றன. பெரும்பாலும் ஒரு நொடிக்குள் எல்லாம் நடந்துவிடும். பக்கம் உங்கள் திரைக்கு வந்து சேரும்போது அதைச் செய்த நிரல் செர்வரில் இல்லை. பெயர்க் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக நீங்கள் தட்டிக்கொண்டிருக்கிறீர்களே, அப்போது மறுமுனையில் உங்களுக்காக எந்த நிரலும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அடுத்த பக்கத்தைக் கேட்டதும் எழுவது புதிய நிரல். அதற்கு உங்களை முன்பின் தெரியாது.

இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு எப்போதும் கைகொடுப்பது அப்பாவின் பேருந்துதான்.

அப்பா கண்டக்டர். சோழன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் இருந்த காலத்தில், கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில், குடவாசல் வழியாகத் திருவாரூர் போகும் வண்டியில் பல வருஷம் வேலை பார்த்தார். பள்ளிக்கூட லீவில் சில நாள் என்னையும் கூட்டிப்போவார். ஐந்து ரூபாய்த் தாளை நீட்டி மூன்று ரூபாய் டிக்கெட் கேட்பார்கள். பையில் சில்லறை இருக்காது. டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் ‘2’ என்று எழுதி, “எறங்கையில வாங்கிக்குங்க” என்று கொடுத்துவிடுவார். அறுபது எழுபது பேர் நெருக்கியடித்து நிற்கும் வண்டியில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று மனசில் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இறங்குகிறவர் டிக்கெட்டைக் காட்டுவார். அப்பா பார்த்து இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு, எழுதியதன் மேல் ஒரு கோடு இழுப்பார். தான் மறந்துவிடப்போகும் கணக்கை, திரும்பி வரப்போகிறவர் கையிலேயே எழுதிக் கொடுத்து அனுப்பும் வழி அது.

ஒரு வலைப்பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகிற வழிகள் எல்லாம் இந்தப் பின்பக்கக் கணக்கிலிருந்து கிளைத்தவைதான் என்று எனக்குத் தோன்றும்.

செர்வர் இப்படி மறப்பதைக் கோளாறு என்று நினைக்கக்கூடாது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் முன்மொழிந்த வலை, இயற்பியல் ஆய்வாளர்கள் ஒருவர் ஆவணத்தை இன்னொருவர் எடுத்துப் படிப்பதற்காக உருவானது. அதன் முதல் நெறிமுறையில் பிரவுசர் கேட்டது ஒரே ஒரு வரி: ‘கெட்’ என்ற சொல், அதை அடுத்துப் பக்கத்தின் பெயர். செர்வர் பக்கத்தைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். படிக்க வந்தவருக்கு அது போதும். வந்தவர் யார், சற்று முன் எதைப் படித்தார் என்றெல்லாம் சுமக்காததால்தான் ஒரு சாதாரணக் கணினி ஏராளமான பேருக்குப் பக்கம் கொடுத்துக்கொண்டே இருக்க முடிந்தது. கடையும் வங்கியும் முன்பதிவும் வலைக்கு வந்த பிறகுதான் அந்த மறதி இடிக்க ஆரம்பித்தது.

எழுதிக் கொடுக்க மிக எளிய இடம், பக்கத்தின் முகவரி. முகவரி முடிகிற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ‘பெயர்=கமலா’ என்று சேர்த்துவிடலாம். இன்னொரு மதிப்பும் போக வேண்டும் என்றால் நடுவில் ஒரு & குறி. அடுத்த பக்கத்து நிரல் அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். பி.எச்.பி.யில் டாலர் குறியும் அடிக்கோடும் முன்னால் நிற்க, ‘கெட்’ என்ற பெயரில் ஒரு பெட்டி இருக்கிறது. திறந்தால் கமலா உள்ளே இருப்பார்.

தமிழ்ப் பெயர் போகும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. ‘க’ என்ற ஓர் எழுத்து யு.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட். ஒரு பைட்டுக்கு ஒரு % குறி, கூடவே இரண்டு குறியீடுகள். ஆக ‘க’ ஒன்றுக்கே ஒன்பது இடம். ‘கமலா’வில் க, ம, ல, துணைக்கால் என்று நான்கு இருப்பதால் 36 இடம். மறுமுனையில் செர்வர் இதை அவிழ்த்துப் பழையபடி கமலா ஆக்கிவிடும். இப்படி மடித்துத் தராமல் நாமே முகவரியைக் கையால் ஒட்டினால் வம்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாத்திரக் கடைக்குத் தளம் செய்தேன். கடைப் பெயரின் நடுவில் & குறி உண்டு, பின்னால் ‘சன்ஸ்’. அடுத்த பக்கத்தில் அப்பா பெயர் மட்டும் வந்தது, மகன்கள் காணாமல் போனார்கள். & குறியைக் கண்டதும் அடுத்த மதிப்பு தொடங்கிவிட்டது என்று செர்வர் எடுத்துக்கொள்கிறது. காரணம் புரிய எனக்கு ஒரு பகல் பிடித்தது.

நம் பையனும் முதலில் முகவரி வழியைத்தான் பிடித்தான். பெயர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றினான். மூன்றாம் பக்கம் வந்தபோது முகவரிப் பட்டையில் ஒரு பெண்ணின் பெயர், போன் எண், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கை நீளம் எல்லாம் வரிசையாக நின்றன. நான் அங்கேயே நிறுத்தச் சொன்னேன்.

முகவரியில் போவது எல்லாம் பிரவுசரின் வரலாற்றுப் பட்டியலில் தங்கும். நம் வீடுகளில் ஒரே போனைத் தம்பி, மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நாலு பேர் எடுத்துப் பார்க்கிறார்கள். செர்வரின் பதிவேட்டிலும் அந்த முகவரி முழுசாக எழுதப்படும். யாராவது “இந்தக் கடையில குடுங்க” என்று அதை வாட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்பினால் அளவும் சேர்ந்து போகும். தையல்காரம்மாவிடம் டேப்பை இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொல்கிற அளவு அது. தெருவில் ஒட்டுகிற நோட்டீஸில் அதை எழுதலாமா என்று கேட்டேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மாவிடம் இதைக் காட்ட இருந்தவன்தான்.

படிவத்தை ‘போஸ்ட்’ முறையில் அனுப்பினால் மதிப்புகள் முகவரியில் வராது, உள்ளே மடிந்து போகும். அஞ்சலட்டைக்கும் இன்லண்ட் லெட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான். இன்லண்ட் லெட்டரையும் வழியில் ஒருவர் பிரித்துவிடலாம் என்பதால், முகவரியின் முன்னால் எச்.டி.டி.பி.எஸ். என்ற பூட்டும் இருந்தாக வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. பார்ப்பதற்கு கெட், ஒன்றை மாற்றுவதற்கும் அழிப்பதற்கும் போஸ்ட். 2005-ல் கூகுள், பக்கங்கள் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக ஒரு மென்பொருள் வெளியிட்டது. நீங்கள் இனிமேல் தொடக்கூடும் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த இணைப்புகளை அது முன்கூட்டியே திறந்து வைத்தது. ‘அழி’ என்பதைச் சாதாரண இணைப்பாக வைத்திருந்த தளங்களில், ஆள் தொடாமலே எழுதி வைத்தது அழிந்தது.

முகவரியில் எண்ணைப் போடுவதில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற நிறுவனம் வீட்டுப் பத்திர உரிமைக்குக் காப்பீடு தருகிறது. அதன் தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் முகவரியில் ஒரு வரிசை எண். அந்த எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் முன்பின் தெரியாத ஒருவரின் ஆவணம் திறந்தது. வங்கிக் கணக்கு எண், வரி விவரம், ஓட்டுநர் உரிமப் படம் என்று 88.5 கோடி ஆவணங்கள் அப்படித் திறந்து கிடந்ததைப் பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் 2019 மே மாதம் வெளியே கொண்டுவந்தார். பூட்டை உடைக்கிற வித்தை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. எண் கேட்டு வந்தது, நிரல் எடுத்துக் கொடுத்தது. கேட்பவருக்கு அது உரியதா என்று யாரும் பார்க்கவில்லை.

பி.எச்.பி.யே இந்த விஷயத்தில் பட்டுத்தான் தெளிந்தது. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தன் சுயவிவரப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994-ல் எழுதிய சின்னக் கருவிகள்தான் அதன் விதை. 1995 ஜூனில் அதை எல்லோருக்கும் கொடுத்தார். அந்த மொழி பரவியதற்கு ஒரு வசதி முக்கியக் காரணம். படிவத்தில் ஒரு கட்டத்துக்குப் ‘பெயர்’ என்று பெயரிட்டால், அடுத்த பக்கத்தில் அதே பெயரில் ஒரு மாறி தானாக வந்து நிற்கும். எடுக்கவோ பிரிக்கவோ வேண்டாம். தானாக வருவது நல்லவர்களுக்கு மட்டும் வராதே. நிரலுக்குள் ‘நிர்வாகி’ என்று ஒரு மாறி இருப்பதை ஊகித்த ஒருவர், முகவரியின் வாலில் ‘நிர்வாகி=1’ என்று சேர்த்தால் போதும், கவனமில்லாமல் எழுதிய தளம் அவரை நிர்வாகியாக உட்கார வைத்துவிடும். 2002 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பில் அந்த வசதியை அணைத்து வைத்தார்கள். 2012-ல் 5.4 பதிப்பில் அடியோடு எடுத்தார்கள்.

நான் பி.எச்.பி. படித்தது 2003-ல், அதற்கு முந்தைய புத்தகம் ஒன்றை வைத்து. அலுவலகத்தில் இருந்த பழைய கணினியில் நான் எழுதியது எல்லாம் ஓடியது. வாடகை செர்வரில் ஏற்றியதும் ஒவ்வொரு மாறியும் வெறுமையாக வந்தது. என் எழுத்தில் எங்கோ பிழை என்று மூன்று நாள் ஒவ்வொரு வரியாகத் தடவினேன். அங்கே இருந்தது புதிய பதிப்பு என்று தெரிந்தபோது, மாறிகள் தானாக வருவதை ஏன் நிறுத்தினார்கள் என்றும் சேர்த்துப் படித்தேன். படித்தது மண்டையில் ஏறியதே தவிர, கைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் நான் செய்த தப்பு அதைக் காட்டியது.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஊரறிந்தது. அங்கே ஒரு விளக்குக் கடைக்காரர் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆர்டர் கொடுக்கத் தளம் கேட்டார். முதல் பக்கத்தில் விளக்குகளின் படமும் விலையும், இரண்டாவதில் எத்தனை, எந்த முகவரிக்கு, மூன்றாவதில் மொத்தம். விளக்கின் பெயரையும் விலையையும் அடுத்த பக்கத்துக்கு எடுத்துப்போக, படிவத்தில் மறைவான கட்டம் ஒன்றை வைத்தேன். ஹிட்டன் ஃபீல்டு என்போம். திரையில் தெரியாது. படிவத்தோடு சேர்ந்து போகும். கண்ணுக்குத் தெரியாதது கைக்கும் எட்டாது என்று நம்பினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். “ஏம்மா, மூணடி விளக்கு நாலு. மொத்தம் இருநூத்தறுபது ரூபான்னு போட்டு மெயில் வந்திருக்கே. ஒரு விளக்கே ஆறாயிரத்தி ஐநூறாச்சே?” யாரோ அந்தப் பக்கத்தைத் தன் கணினியில் சேமித்து, நோட்பேடில் திறந்து, மறைவான கட்டத்தில் இருந்த 6500-ஐ 65 ஆக்கி, மறுபடி அனுப்பியிருக்கிறார். என் நிரல் அந்த 65-ஐ நம்பி நாலால் பெருக்கிச் சொல்லிவிட்டது. பணம் டிராஃப்டாக வந்த பிறகே விளக்கு கிளம்பும் என்பதால் நஷ்டம் ஏற்படவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. “பாத்துச் செய்யும்மா” என்று மட்டும் சொன்னார். மண்ணில் கரு பிடித்து, பித்தளை உருக்கி வார்த்து, நாள்கணக்கில் தேய்த்துச் செய்கிற பொருளின் விலையை, வாங்க வருகிறவன் கையிலேயே பென்சிலோடு கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்பது அன்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. “ரெண்டை பன்னெண்டாக்கிட்டானா?” என்று கேட்டார்.

அவருக்கும் நடந்திருக்கிறது. ஒருவர் ‘2’-க்கு முன்னால் ‘1’ சேர்த்துக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறார். கூட்ட நேரம், அப்பா பன்னிரண்டு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார். டிப்போவில் வசூல் கட்டும்போது பத்து ரூபாய் இடித்தது, கைக்காசைப் போட்டார். மறுநாளிலிருந்து எண்ணில் எழுதுவதை விட்டு ‘இரண்டு’ என்று எழுத்தில் எழுதி, கீழே தன் சுழியைப் போட்டார். இன்றைக்கு நிரலாளர்களும் இதைச் செய்கிறார்கள். வெளியே கொடுத்து அனுப்பும் மதிப்போடு, செர்வருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியத்தைக் கலந்து கணக்கிட்ட கையொப்பம் ஒன்றும் போகும். மதிப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கையொப்பம் ஒத்துவராது.

கொஞ்ச நாளில் அப்பா அதையும் விட்டார். டிக்கெட்டில்தான் வரிசை எண் அச்சாகி இருக்கிறதே. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு நேரே பாக்கியை எழுத ஆரம்பித்தார். பயணி கையில் எண் மட்டும், கணக்கு அப்பாவின் பையில். டிக்கெட்டில் யார் என்ன கிறுக்கினாலும் நோட்டில் எழுதியது மாறாது. இதைக் கேட்டுவிட்டு வந்துதான் செஷன் என்ற பாடத்தை இரண்டாம் முறை திறந்தேன். முதல் தடவை படித்தபோது புரியாத ஒவ்வொரு வரியும் புரிந்தது.

செஷனுக்கு முன் குக்கி பற்றிச் சொல்ல வேண்டும். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளரிடம் ஒரு பிரச்சினை வந்தது. எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனம் வலையில் கடை போட விரும்பியது. வாங்கலாமா வேண்டாமா என்று பாதியில் நிற்பவர்களின் கூடையை எல்லாம் தன் செர்வரில் சேர்த்து வைக்க அதற்கு விருப்பமில்லை. மான்டுல்லியின் விடை இது: செர்வர் ஒரு சின்னக் குறிப்பைப் பிரவுசரிடம் கொடுக்கும். அதே தளத்துக்குத் திரும்ப வரும் ஒவ்வொரு தடவையும் பிரவுசர் கேட்காமலே அதை எடுத்துக் காட்டும். யூனிக்ஸ்காரர்களிடம் ஏற்கெனவே ‘மேஜிக் குக்கி’ என்ற சொல் புழங்கியது. அதிலிருந்து பெயரை எடுத்தார். மறைவான கட்டம் படிவத்தோடு மட்டும்தான் போகும். இடையில் வேறு இணைப்பைத் தொட்டால் அறுந்துவிடும். குக்கி அப்படி அறுவதில்லை. ஆனால் அதிலும் சுமார் 4 கிலோபைட்டுக்கு மேல் இடமில்லை. அதுவும் வருகிறவர் கையில் இருக்கும் காகிதம்தான், அவர் நினைத்தால் திருத்தலாம்.

செஷன் என்பது குக்கியும் அப்பாவின் நோட்டும் சேர்ந்தது. குக்கியில் ஓர் அடையாளக் கோவை மட்டும் போகும். பெயர், அளவு, கூடை எல்லாம் செர்வரில் அந்தக் கோவையின் பெயரில் உள்ள கோப்பில் இருக்கும். பி.எச்.பி.யில் இது 2000-ல் வந்த நான்காம் பதிப்பிலேயே உள்ளே சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் செஷனைத் தொடங்கு என்று ஒரு வரி எழுதினால், முந்தைய பக்கம் வைத்துவிட்டுப் போனது அங்கே இருக்கும். அப்பாவின் டிக்கெட்டிலிருந்து இதற்கு ஒரு வித்தியாசம் வேண்டும். டிக்கெட் எண் வரிசையாகப் போகும். பக்கத்து சீட்டுக்காரரின் எண்ணை நான் ஊகித்துச் சொல்லிவிடலாம். செஷன் கோவையை எவரும் ஊகிக்க முடியாதபடி நீளமாக, தாறுமாறாக உண்டாக்குகிறார்கள். ஊகிக்க முடியாததையும் திருடலாம். 2010-ல் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற கருவியை வெளியிட்டு, திறந்த வைஃபையில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த மேஜைக்காரரின் குக்கியை எடுத்து அவர் பெயரிலேயே தளங்களுக்குள் நுழையலாம் என்று காட்டினார். அப்போது பல பெரிய தளங்கள் கடவுச்சொல்லை வாங்கும் பக்கத்தில் மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு மற்றப் பக்கங்களைத் திறந்து வைத்திருந்தன. எல்லாப் பக்கத்துக்கும் பூட்டு வந்ததில் அந்தக் கருவிக்கும் பங்குண்டு.

செஷன் தொடங்கும் வரியில் என் மாணவர்கள் எல்லோரும் ஒரு தடவை விழுவார்கள். நிரலின் முதல் வரிக்கு மேலே தெரியாமல் ஒரு காலி வரி இருந்தால் போதும், ‘தலைப்புகள் முன்பே அனுப்பப்பட்டுவிட்டன’ என்று பிழை வரும். குக்கி, பக்கத்துக்கு முன்னால் போகும் தலைப்பில் போக வேண்டியது. காலி வரியும் பக்கத்தின் உள்ளடக்கம்தான். அது கிளம்பிவிட்டால் தலைப்புக்கான வாசல் மூடிவிடும். கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு வரியைத் தேடி விடிய விடிய உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி நேரக் கணக்கு. பி.எச்.பி.யில் நாம் எதையும் மாற்றாவிட்டால், 1440 நொடி தொடப்படாமல் கிடக்கும் செஷனைக் குப்பை என்று எடுத்துக்கொள்ளும். 1440 நொடி என்றால் 24 நிமிடம், சரியாக நம் ஒரு நாழிகை. அந்த நொடியே அழிந்துவிடும் என்றில்லை. அவ்வப்போது நடக்கும் கூட்டிப் பெருக்கலில் அது போய்விடும். ஒரு நாழிகை தாராளம் என்று இருபது வயதில் தோன்றும். ஒற்றை விரலால் தமிழ்த் தட்டச்சு செய்து, ஆதார் அட்டையைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணை இரண்டு தடவை சரிபார்க்கிற பெரியவரை நினைத்துப் பார்க்க வேண்டும். அரைமணி நேரம் நிரப்பிவிட்டு அவர் ‘சமர்ப்பி’யை அழுத்தும்போது ‘செஷன் முடிந்தது’ என்று வந்தால், தான்தான் ஏதோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று அவர் நினைக்கிறார். அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். நேரம் போதாமல் வைத்தவர்கள் நாங்கள். வங்கிக்குக் குறைந்த நேரம் நியாயம்தான், திறந்து வைத்துவிட்டு எழுந்து போனவரின் பணத்தைக் காக்க வேண்டும். ஓய்வூதிய விண்ணப்பத்துக்கும் அதே நேரம் எதற்கு?

நோட்டு முறைக்கு இன்னொரு பலவீனம் உண்டு, அதையும் அப்பாவின் வண்டியிலேயே பார்த்தேன். ஒரு நாள் குடவாசலில் அவருக்கு உடம்பு முடியாமல் போய் வேறு கண்டக்டர் ஏறினார். நோட்டு அப்பாவின் பையோடு இறங்கிவிட்டது. டிக்கெட்டைக் காட்டியவர்களிடம் புதியவர் என்ன சொல்வார்? 2009-ல் சென்னையில் நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், கூட்டம் கூடிவிட்டது என்று ஒரு செர்வரை இரண்டாக்கினார்கள். அன்று சாயங்காலமே புகார்கள் வந்தன. கூடையில் போட்ட பொருள் ஒரு பக்கத்தில் இருக்கிறது, அடுத்த பக்கத்தில் இல்லை, திரும்பினால் மறுபடி இருக்கிறது. செஷன் கோப்பு முதல் செர்வரின் வட்டில். அடுத்த பக்கத்தைக் கொடுப்பது இரண்டாம் செர்வர். கடைசியில் இரண்டுக்கும் பொதுவான தரவுத்தளத்தில் செஷன்களை வைத்த பிறகே அடங்கியது. வண்டிக்கே ஒரு நோட்டு வைத்த மாதிரி.

பையனின் தளத்துக்கு வருகிறேன். அளவுகளை முகவரியிலிருந்து எடுத்து போஸ்ட்டுக்கு மாற்றி, செஷனில் வைத்தான். இரண்டாம் பக்கத்தில் “வணக்கம், கமலா” என்று வந்ததும் வகுப்புக்கே கேட்கும்படி கைதட்டினான். அம்மாவிடம் சோதிக்கக் கொடுத்தான். அந்த அம்மா முதல் இரண்டு பக்கத்தையும் நிரப்பிவிட்டு, அவசரமாக வந்த ஒரு ஃபால்ஸ் வேலையை முடித்து, அடுப்பையும் பார்த்துவிட்டு ராத்திரி போனை எடுத்தார். எல்லாம் காலி. அடுத்த வாரம் பையன் நேரத்தை நீட்டுவதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் வந்த உடனேயே தரவுத்தளத்தில் எழுதி, பாதியில் விட்டவர் எப்போது வந்தாலும் விட்ட இடத்தில் தொடங்கும்படி செய்தான்.

மறுபடி அம்மா சோதித்தார். ராத்திரி நிரப்பியது காலையில் அப்படியே இருந்தது. என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார்: “இதுக்கா டீச்சர் இவன் ரெண்டு மாசமா தூங்காம கெடக்குறான்? என் அளவு நோட்டுல பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தச்சவங்க அளவும் இருக்கு. வர்றவங்க கையில ஒரு சீட்டு குடுப்பேன். சீட்டுல ஒரு நம்பரு, பின்னு குத்தி ஒரு துண்டுத் துணி. அவ்வளவுதான்.”

“சீட்டைத் தொலைச்சிட்டு வந்தா என்னம்மா பண்ணுவ?” என்றான் பையன்.

“மூஞ்சியப் பாத்துக் குடுப்பேன்.”

அவன் என்னைப் பார்த்தான். அன்று வகுப்பு முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவன் மட்டும் உட்கார்ந்து, குக்கியைத் தொலைத்துவிட்டு வேறு போனில் வருகிறவர்களிடம் எண்ணைக் கேட்டு ஓ.டி.பி. அனுப்பும் நான்காவது பக்கத்தை எழுதத் தொடங்கினான்.